சாவாமல் பிழைத்திருப்பேன்னு வாக்குத்தத்தம் வந்துச்சே, இப்ப மார்ஃபினுக்கு சம்மதிச்சா அவிசுவாசமா?

தூத்துக்குடி மாவட்டத்துல இருந்து 43 வயசு சகோதரி ஒருத்தங்க எழுதிருக்காங்க. ஆளு தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்திருக்கேன். ஆறு பக்கக் கடிதம், முடிஞ்சவரைக்கும் சுருக்கிச் சொல்றேன்.

வீட்டுக்காரருக்கு வயசு 48. போன வருஷம் ஆகஸ்ட்ல வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தப்ப கணையத்துல புற்றுநோய், அதுக்குள்ள லிவருக்கும் பரவிருச்சு. ரெண்டு விதமா கீமோ குடுத்தாச்சு, நிக்கல. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில அவங்க குடும்பத்துக்குன்னு எடுத்த வாக்குத்தத்த அட்டையில "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்"னு சங்கீதம் 118:17 வந்துருக்கு, அத லேமினேட் பண்ணி கட்டில் தலைமாட்டுல ஒட்டிருக்காங்க. இப்ப டாக்டர் கீமோவ நிப்பாட்டிட்டு பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது நோயக் குணமாக்குறதுக்குப் பதிலா வலியையும் வேதனையையும் குறைக்கிற கவனிப்புக்குப் போங்க, வலிக்கு மார்ஃபின் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஜெபக்குழுவுல "அதுக்குக் கையெழுத்துப் போடுறது மரணத்தோட உடன்படிக்கை பண்றது"ன்னு சொல்லிட்டாங்க, அதனால மூணு வாரமா அந்த மருந்துச் சீட்டு இவங்க ஹேண்ட்பேக்லயே கிடக்கு. வெளியூர் ஊழியர் ஒருத்தர் எல்லா மாத்திரையையும் நிப்பாட்டிட்டு 40 நாள் உபவாசம், கூடவே ஒரு பெரிய தொகைக்குப் பொருத்தனைன்னு சொல்லிருக்காரு. கொழுந்தனாரு வீட்ட வித்து 8 லட்சத்துக்கு இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்புச் சக்தியத் தூண்டிவிடுற சிகிச்சை) பாக்கலாங்குறாரு. பிளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கும் எட்டாவது படிக்கிற பையனுக்கும் "அப்பாவுக்கு அல்சர்"னு சொல்லி வெச்சிருக்காங்க. இதுக்கு நடுவுல அவரு தன் சொந்த ஊர் அசனத்துக்கு (சபையில எல்லாருமா சேந்து சாப்புடுற விருந்துக்கு) ஒருதடவ கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்டிருக்காரு, "சுகமாகி சாட்சியோட போகலாம்"னு எல்லாரும் தட்டிக்கழிச்சுட்டாங்க.

கடைசி பக்கத்துல இப்படி எழுதிருக்காங்க: "நான் சரின்னு சொல்லிட்டா அவுகள நானே கைவிட்ட மாதிரி ஆயிருமா டாக்டர், இல்ல எனக்கு நம்பிக்கையே இல்லன்னு அர்த்தமா?"

அன்புள்ள சகோதரி,

மொதல்ல அந்தச் சீட்டை பேக்ல இருந்து வெளிய எடுங்க. மத்ததெல்லாம் பொறுமையா பேசுவோம், ஆனா ராத்திரி முழுக்க முட்டிபோட்டு கட்டில் விளிம்பைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காருன்னு எழுதிருக்கீங்களே, அந்த வலி இந்தப் பதில் வர்ற வரைக்கும் கூட காத்திருந்திருக்கக் கூடாது. நான் போதகர் இல்ல, பாலியேட்டிவ் வார்டுல 20 வருஷத்துக்கு மேல வேலை பாக்குற டாக்டர், உங்கள மாதிரியே சிஎஸ்ஐ சபையில வளர்ந்தவ, எங்க வீட்டு ஷோகேஸ்லயும் பழைய வாக்குத்தத்த அட்டைங்க வரிசையா இருக்கு. அதனால உங்க கேள்விய வெளியில நின்னு பாக்க எனக்குத் தெரியாது.

விசுவாசம் வேற, நம்பிக்கை வேற

உங்க கடிதத்துல இந்த ரெண்டு வார்த்தையும் மாறி மாறி ஒரே அர்த்தத்துல வருது. தப்பு உங்க மேல மட்டும் இல்ல, தமிழ் வேதாகமமே நம்மளக் கொஞ்சம் குழப்புது. நாம வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்புல 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". அதே வசனம் கத்தோலிக்கரோட பொது மொழிபெயர்ப்புல "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". பாருங்க, அவங்க நம்பிக்கைன்னா நம்ம விசுவாசம், நம்ம நம்பிக்கைன்னா அவங்களுக்கு எதிர்நோக்கு. 2025 யூபிலி ஆண்டுக்கு அவங்க வெச்ச பேரு கூட 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்'தான். எனக்கு அந்த எதிர்நோக்குங்குற வார்த்தை புடிக்கும். பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க ரோட்டைப் பாத்துட்டே இருப்பாங்கல்ல அப்படி, பஸ் இன்னும் கண்ணுக்குத் தெரியல, ஆனா மூஞ்சி அந்தப் பக்கமே திரும்பியிருக்கு. பவுல் ரோமர் 8:24ல "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல"ன்னு எழுதுனதும் இதைத்தான்.

இப்ப உங்க ஜெபக்குழு சொல்றது என்னன்னா, ஸ்கேன் ரிப்போர்ட் மாறும்னு துளி சந்தேகமில்லாம நெனச்சா அதுதான் நம்பிக்கை, சந்தேகம் வந்தா போச்சு. இதுல நம்பிக்கைங்குறது உங்க மனசுல நீங்க குடுக்குற ஒரு அழுத்தமா மாறிருது, அழுத்தம் குறைஞ்சா அவரு செத்துருவாருங்குற பாரமும் உங்க தலைமேல வந்துருது. அவரோட உயிரு உங்க மனசோட உறுதியில தொங்கலம்மா. பவுல் பல பேர சுகமாக்குனவரு, ஆனா கூட வேலை பாத்த துரோப்பீமுவ மிலேத்துல வியாதியோடதான் விட்டுட்டு வந்தாரு, 2 தீமோத்தேயு 4:20ல ஒரே வரியில வருது. அந்த வரியில யாரோட விசுவாசக் குறையையும் அவரு தேடல. வியாதியா இருந்தான், விட்டுட்டு வந்தேன், அவ்ளோதான்.

அந்த அட்டையில இருக்குற சங்கீதம்

தலைமாட்டுல இருக்குற அட்டைய எடுக்கச் சொல்லப்போறேன்னு பயந்துருப்பீங்க. இல்ல, அங்கயே இருக்கட்டும். ஆனா ஒரு வரிய மட்டும் வெட்டி அட்டையாக்குனதுல என்ன விட்டுப்போச்சுன்னு பாருங்க. சங்கீதம் 113ல இருந்து 118 வரைக்கும் யூதங்க பஸ்கா ராத்திரியில பாடுற பாட்டுங்க. மத்தேயு 26:30ல கடைசி ராப்போஜனம் முடிஞ்சு "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்"னு இருக்குல்ல, அங்க பாடுனது இந்தச் சங்கீதங்கள்தான்னு வேத ஆராய்ச்சி பண்ற பல பேரு சொல்றாங்க. அப்படின்னா கொஞ்சம் யோசிங்க. "நான் சாவாமல் பிழைத்திருந்து"ன்னு இயேசு தன் வாயால பாடிட்டுத்தான் கெத்செமனேக்குப் போறாரு. அங்க போயி இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்னு கேக்குறாரு, நீங்கல. மறுநாள் மத்தியானம் அவரு உயிரோட இல்ல.

அவரு பாடுனது பொய்யாப் போச்சா? மூணாம் நாள்னு ஒண்ணு இருக்குன்னுதான் நம்ம சபையே நிக்குது. ஆனா வெள்ளிக்கிழமைய யாரும் அவருக்காகத் தாண்டிவிடல. கிறிஸ்தவ நம்பிக்கையப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான். அந்த வசனம் உங்க வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் சாவு வராதுன்னு குடுத்த கேரண்டி கார்டு கிடையாது. சாவு வந்தாலும் அது கடைசி வார்த்தை இல்லன்னு சொல்ற வசனம். ஈஸ்டர் விடியக்காலையில மெழுகுவர்த்திய ஏந்திட்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போற ஊர்க்காரங்களுக்கு இத நான் விளக்கவா வேணும்.

அப்ப சுகத்துக்கு ஜெபம் பண்ணக்கூடாதான்னு கேப்பீங்க. பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க, நானும் பண்றேன். கேக்குறதுல தப்பே இல்ல, கேட்டது கட்டாயம் நடக்கும்னு வெச்சு மருந்தைத் தள்ளுறதுலதான் தப்பு. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆண்டவர் ஆயுசுல கூட்டிக்குடுத்த 15 வருஷத்த எல்லாரும் உங்ககிட்ட சொல்லிருக்காங்க. ஏசாயா 38ஆம் அதிகாரத்த முழுசா வாசிங்க. மொதல் வசனத்துல வீட்டுக்காரியத்த ஒழுங்குபடுத்துன்னு இருக்கு, 21ஆம் வசனத்துல அத்திப்பழ அடையக் கொண்டுவந்து புண்ணு மேல பத்துப் போடச் சொல்றாரு ஏசாயா. தீர்க்கதரிசியே பத்துப் போடச் சொல்லிருக்கும்போது உங்க ஊழியர் மாத்திரைய நிப்பாட்டச் சொல்றாரு!

மார்ஃபின் பத்தின பயங்கள்

"அபின் மருந்து, போதையில கிடந்தா எப்படி ஜெபிப்பாரு"ன்னு மாமியார் கேட்டதா எழுதிருக்கீங்க. வலியில துடிக்கிற ஆளாலதான்மா ஜெபிக்க முடியாது. வலிக்குத் தக்கன சரியான அளவுல குடுத்தா மொத ரெண்டு மூணு நாள் தூக்கம் சொக்கும், அப்புறம் தெளிஞ்சுரும், பல பேரு அப்பத்தான் எந்திரிச்சு உக்காந்து பேசவே ஆரம்பிப்பாங்க. புற்றுநோய் வலிக்கு முறையா குடுக்கும்போது அடிமையாகுறது ரொம்ப அபூர்வம். உயிரச் சீக்கிரம் எடுத்துரும்ங்குறதும் சரியில்ல. மலச்சிக்கல் மட்டும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், அதனால சீட்டுல மலமிளக்கி எழுதலன்னா கேட்டு வாங்குங்க. வலி வந்தப்புறம் குடுக்குறதில்ல, சாதா மாத்திரைன்னா நாலு மணிக்கொருதடவ நேரம் பாத்துக் குடுக்கணும். இடையில பொத்துக்கிட்டு வர்ற வலிக்குத் தனி டோஸ் கேட்டு வெச்சுக்கோங்க. அவருக்கு லிவர்ல பரவிருக்குறதால கம்மியா ஆரம்பிச்சுப் பாத்துப் பாத்துத்தான் ஏத்துவாங்க, நீங்களா கூட்டவோ திடீர்னு நிப்பாட்டவோ கூடாது. கணையத்து வலிக்குன்னே முதுகுப்பக்கமா ஊசி போட்டு அந்த நரம்புப் பின்னலை மரக்க வைக்கிற முறையும் இருக்கு, அவரு அதுக்கு ஏத்த நிலையில இருக்காரான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

எல்லா மெடிக்கல் ஷாப்லயும் இது கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்கு அப்புறம் கிடைக்குறதே பெரும்பாடா இருந்துச்சு, 2014ல சட்டத்தத் திருத்துனப்புறம் அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரிகள்ல வெச்சிருக்காங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்குற பாலியேட்டிவ் கேரும் உண்டு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க.

இன்னொண்ணு, இந்த வைத்தியமே எங்க இருந்து வந்துச்சுன்னு உங்க ஜெபக்குழுவுக்குத் தெரியணும். 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ, அதாவது சாகுற நிலையில இருக்குறவங்களப் பாத்துக்குற இடத்த ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ் ஆழமான கிறிஸ்தவ விசுவாசி. மார்ஃபின நேரம் தவறாம வாய்வழியா குடுக்குற முறைய உலகத்துக்கு எடுத்துட்டுப் போனதுல பெரும்பங்கு அந்தம்மாவுக்குத்தான். உடம்பு வலி, மனசு வலி, குடும்பக் கவலை, ஆத்துமாவோட வலி எல்லாம் சேந்ததுதான் வலின்னு சொன்னவங்க. சாகுறவங்க பக்கத்துல கடைசி வரைக்கும் உக்காந்திருக்கணும்ங்குற விசுவாசத்துல இருந்து வந்தத எடுத்து, மரணத்தோட உடன்படிக்கைங்குறாங்க. எனக்குக் கோவம் வருது, மன்னிச்சுக்கோங்க.

பாலியேட்டிவ் போனா சீக்கிரம் செத்துருவாங்கன்னு நெனப்பு இருக்கு. 2010ல அமெரிக்காவுல முத்துன நுரையீரல் புற்றுநோய்க்காரங்க 151 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கேரும் சேத்துக் குடுத்தவங்க மத்தவங்களவிட ரெண்டரை மாசத்துக்கு மேல அதிகமா வாழ்ந்தாங்க. அது வேற புற்றுநோய், அதே கணக்கு உங்க வீட்டுக்காரருக்கு வரும்னு நான் சொல்லமாட்டேன், ஆனா ஆயுசைக் குறைக்கும்ங்குறதுக்கு அது நல்ல பதில். 2009ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு என்னைத் தூங்கவிடல. நோயோட போராட மத நம்பிக்கைய ரொம்பப் புடிச்சுக்குறவங்கதான் கடைசி வாரத்துல வென்டிலேட்டர்ல போறாங்க, மத்தவங்களவிட ஏறக்குறைய 3 மடங்கு. உயிர்த்தெழுதல நம்புறவங்கதான் இப்படி! எங்க அப்பாவும் அப்படித்தான் போனாரு, வாயில குழாய வெச்சதால கடைசி நாலு நாள் ஒரு வார்த்தை பேச முடியல, டாக்டரா இருந்தும் வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல.

உங்க வீட்டுக்காரருக்கு வென்டிலேட்டர் வேணாம்னு சொல்ற உரிமை இருக்கு. 2018ல உச்ச நீதிமன்றம் கண்ணியமா சாகுறதும் வாழ்வுரிமைக்குள்ளதான் வருதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, 2023ல நடைமுறையச் சுலபமாக்கிட்டாங்க, ரெண்டு சாட்சியோட நோட்டரி முன்னால அவரு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எழுதறதும் எழுதாததும் அவரு இஷ்டம், நீங்களோ கொழுந்தனாரோ முடிவு பண்றதில்ல.

வீடு, பணம், பொருத்தனை

கொழுந்தனாரு பாசத்துலதான் சொல்றாரு, அவர விரோதியாக்காதீங்க. ஆனா கணையப் புற்றுநோய்ல இம்யூனோதெரபி ரொம்பக் கொஞ்ச பேருக்குத்தான் வேலை செய்யும், அது வேலை செய்யுமான்னு பாக்க எம்எஸ்ஐன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல ஹைன்னு வர்றவங்க நூத்துல ஒருத்தர் மாதிரிதான். அந்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, எடுத்து இல்லன்னு வந்துருந்தா 8 லட்சம் தண்ணியில போட்ட மாதிரி. இருந்துச்சுன்னா அப்ப மறுபடியும் உக்காந்து பேசலாம், ஆனா சராசரியா எத்தனை மாசம் கூடும், அதுல எத்தனை நாள் ஆஸ்பத்திரியில கழியும்னு நேராவே கேட்டுட்டு.

பொருத்தனைக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க. சுகத்துக்கு விலை கேட்டவன எலிசா என்ன பண்ணாருன்னு 2 ராஜாக்கள் 5ல அவரோட வேலைக்காரன் கேயாசியப் பாருங்க.

வீட்டுக்காரியத்த ஒழுங்குபடுத்துறது அவிசுவாசம்னு நெனைக்காதீங்க, எசேக்கியா கதை மேலயே இருக்கு. நான் வக்கீல் இல்ல, வார்டுல பாத்தத சொல்றேன். உயில் இல்லாம இறந்தா கிறிஸ்தவங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு. பையன் மைனர், அவன் பங்கை பின்னால விக்கணும்னா கோர்ட் வரைக்கும் போகவேண்டி வரலாம். அவரு மனசு வெச்சா ரெண்டு சாட்சியோட ஒரு உயில் எழுதிரலாம், பதிவு கூடக் கட்டாயமில்ல. பிஎஃப், பேங்க் நாமினி ஒருதடவ பாத்துருங்க.

பிள்ளைங்ககிட்ட யாரு சொல்றது

அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்க. பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, கையில போன் இருக்கு, அல்சருக்கு யாரும் முடி கொட்டுற மருந்து குடுக்கமாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாதா. அவரும் அப்படித்தான், அசனத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டாரே, எனக்குத் தெரிஞ்சு அது எல்லாம் புரிஞ்ச மனுஷன் கேக்குற கேள்வி. நீங்க அவருக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கிறீங்க, அவரு உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கிறாரு, ஒரே கட்டில்ல ரெண்டு பேரும் தனித்தனியா அழறீங்க. வலி கொஞ்சம் அடங்குன ஒரு சாயங்காலம் "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது"ன்னு மட்டும் கேட்டுட்டு அமைதியா இருங்க. அப்புறம் ரெண்டு பேருமா சேந்து பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க: அப்பாவுக்கு இருக்குறது புற்றுநோய், மருந்து கேக்கல, வலி இல்லாம பாத்துக்கப்போறோம், இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. பரீட்சை முடியட்டும்னு காத்திருக்க வேணாம். நாளைக்கு அவ "என்கிட்ட ஏன்மா சொல்லல, சொல்லிருந்தா கூட உக்காந்திருப்பேனே"ன்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது.

நீங்களும் அழுங்க. சபையில அழுதா விசுவாசம் இல்லன்னு நெனைப்பாங்கன்னு பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டு அழறேன்னு எழுதிருந்தீங்க. 1 தெசலோனிக்கேயர் 4:13ல பவுல் "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கப்படாதீங்கன்னுதான் சொல்றாரு, துக்கமே படாதீங்கன்னு எங்கயும் சொல்லல. லாசருவ எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே இயேசு கல்லறைகிட்ட கண்ணீர் விட்டாரு. உங்க சபை ஐயாகிட்ட இதையெல்லாம் தனியாப் பேசுங்க, ஜெபக்குழு சொல்றதுதான் அவரு கருத்துன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நல்ல போதகருங்க நிறைய பேரு எங்க வார்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு மார்ஃபின் நேரத்துக்குக் குடுத்தாச்சான்னு கேட்டுட்டுப் போறத பாத்துருக்கேன்.

அசனத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்குன்னு எழுதிருந்தீங்க. சாட்சிக்காகக் காத்திருக்காதீங்க, கூட்டிட்டுப் போங்க. இந்த வாரமே மருந்த ஆரம்பிச்சா அதுக்குள்ள டோஸ் ஒரு நிலைக்கு வந்துரும். கிளம்புறதுக்கு அரைமணி நேரம் முன்னால அந்தத் தனி டோஸ் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, வாந்திக்கான மாத்திரையும் டாக்டர் லெட்டரும் கையில இருக்கட்டும். பஸ் வேணாம், கார் புடிங்க, பின் சீட்ல ரெண்டு தலகாணி, ஒரு பிளாஸ்டிக் கவர், தண்ணி. பந்தியில ரொம்ப நேரம் உக்கார வைக்காதீங்க, அவரோட படிச்சவங்க நாலு பேரு வந்து கையப் புடிச்சுப் பேசிட்டுப் போகட்டும். நிறைய சாப்புட முடியாது, வற்புறுத்தாதீங்க, அசனச் சோத்துல கொஞ்சமா எடுத்து கறிக்குழம்பு விட்டு நல்லா மசிச்சு, பொண்ணையே ஊட்டிவிடச் சொல்லுங்க.